வாய் திறந்த மீன்

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டே பிறந்த மனிதர். என்னைப் பெண் பார்க்க ஓட்டப்பிடாரத்துக்கு வந்த அன்றைக்கு எங்கள் அப்பா அவரிடம் என்ன தொழில் என்று கேட்டார். "கம்பி" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர் போலிருக்கிறது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்து கடையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்ன கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்.

பெயர் உச்சிமாகாளி. சொந்த ஊர் நாகலாபுரம். வானம் பார்த்த கரிசல், பருத்தியும் கம்பும் விளையும் வீடு. அண்ணன்மார் ஏரைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் மதுரைக்குப் போய் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் இருந்துவிட்டு, கோவில்பட்டியில் கழுகுமலை ரோட்டில் ஒரு கடையைப் பிடித்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அயர்ன்பாக்ஸ், மின்சார அடுப்பு, ரேடியோ என்று எது கெட்டாலும் ரிப்பேர் பார்ப்பார். ஊரில் உச்சிமாகாளி என்றால் யாருக்கும் தெரியாது, ஹீட்டர்க் கடைக்காரர் என்றால் தெரியும்.

ஒருநாள் ஒரு மின்சார அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் சுருள் அறுந்து, சிவந்திருந்த நுனி மேசைப் பலகையில் விழுந்து ஒரு கோடு இழுத்தது. வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்திருப்பார்கள். இவர் ரப்பர்ப் பிடி போட்ட குறட்டால் அந்தக் கம்பியை எடுத்துத் தன் பெயரின் முதல் எழுத்தைப் பலகையில் சுட்டு எழுதிப் பார்த்திருக்கிறார். உகரம் பிள்ளையார் சுழியும் ஆயிற்றே, தொழில் அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு ஒரு மரப்பிடி கடைந்து, அதற்குள் இரண்டு பித்தளைக் கம்பிகளைச் செருகி, அவற்றின் நுனியில் திருகு வைத்து, திருகுகளுக்கு நடுவே துண்டு ஹீட்டர்க் கம்பியை மாட்டினார். கரண்டைக் குறைத்துக் கொடுக்க அவரே ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றினார். மரத்தில் சுட்டு எழுதும் அந்தச் சாமானுக்குச் சூட்டுப்பேனா என்று பெயர் வைத்தது நான். அவர் வைத்திருந்தால் அதற்கும் 'கம்பி' என்றுதான் வைத்திருப்பார்.

பேனா ஒன்று செய்தால் பல வருசம் கிடக்கும். நுனிதான் தேயும், ஒடியும். அந்த நுனியை வளைப்பதில் இந்த மனிதருக்கு இருந்த பொறுமையில் கால்வாசி என்னிடம் பேசுவதில் இருந்திருந்தால் நான் ராணிதான். சுருளாகக் கிடக்கும் கம்பியை முதலில் சூடேற்றித் தணியவிடுவார். அப்புறம் ஒரு மழமழப்பான ஆணியில் சுற்றி இழுத்து இழுத்து நேராக்குவார். மெல்லிய கோட்டுக்கு ஊசி போல ஒரு வளைவு. பட்டையாக நிழல் போட வேண்டுமென்றால் சின்னச் சுத்தியலால் தட்டி வெந்தயத்தின் அளவுக்கு அகலமாக்கி அரம் போடுவார். தட்டிய இடம் மெலிந்துவிடும், கரண்டு விட்டால் அந்த இடம் முதலில் சிவக்கும். அதிகம் தட்டினால் சிவந்த கையோடு அறுந்துபோகும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் சுத்தியலுக்குத் தெரியும். எனக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டுமென்று எப்போதுமே தெரிந்ததில்லை.

நுனி கேட்டு வருகிறவர்களை உடனே அனுப்பமாட்டார். சலித்த கரிசல் மண்ணை ஒரு தட்டில் பரப்பி வைத்திருப்பார். ஆணியைக் கையில் கொடுத்து, அந்த மண்ணில் பெயர் எழுதச் சொல்வார். ஆணி ஆழமாக இறங்கினால் அழுத்தி எழுதுகிற கை, தடித்த கம்பி. மண்ணைத் தடவிக்கொண்டு போனால் மெல்லியது. படம் வரைய நுனி வாங்கவரும் கோபாலசாமி வாத்தியார், பி.யூ.சி. படித்த எனக்கே மண்ணில் எழுத்தா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் எழுதவும் செய்வார். அழுத்துகிற அழுத்தில் தட்டின் அடி தெரியும். இவர் தடித்த கம்பியை எடுப்பார்.

இதெல்லாம் கைச்செலவுக்கு. சோறு போட்டது தீப்பெட்டி ஆபீஸ்கள். எங்கள் ஊரில் பேக்டரி என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே கட்டை என்று ஒரு சாமான் உண்டு. மெல்லிய மரச்சட்டங்களை அடுக்கிய ஒரு சட்டகம். சட்டங்களுக்கு நடுவே பெண்கள் வெறும் குச்சிகளை வரிசையாக அடுக்குவார்கள். அடுக்கிய கட்டையை அப்படியே மெழுகிலும், பிறகு மருந்திலும் முக்கி எடுப்பார்கள். கட்டைகள் வண்டியில் ஊர் ஊராகப் போகும், வீடுகளில் அடுக்கித் திரும்பி வரும். ஒரே தெருவில் இரண்டு மூன்று ஆபீஸ் கட்டைகள் புழங்கினால் கலந்துபோகாமல் என்ன செய்யும்? என் கட்டை, உன் கட்டை என்று மொதலாளிமார் சண்டை. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் புதுக் கட்டையில் ஒரு குறியைச் சுட்டு வாங்க எங்கள் கடைக்கு வந்தார்கள். புதுக் கட்டையில் மட்டும்தான் சுடுவார். புழங்கின கட்டை மெழுகைக் குடித்திருக்கும், நுனி பட்டால் பற்றிக்கொள்ளும்.

குறியை ஒரே கம்பியில் வளைத்துவிடுவார். முத்திரை குத்துவதுபோல ஒரே அழுத்து, வேலை முடிந்தது. ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. கம்பியின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் கரண்டு அங்கேயே குறுக்கே ஓடிவிடும், வளைவு சூடேறாது. அதனால் எந்தக் குறியாக இருந்தாலும் எங்கேயாவது எள்ளளவு இடைவெளி இருந்தே தீரும். பரமசிவன் அண்ணாச்சியின் ஆபீசுக்கு மீன் குறி. வாலின் ஒரு ஓரத்தில் தொடங்கி, முதுகு வழியாக வாய்க்குப் போய்த் திரும்பி, வயிறு வழியாக வாலின் மறு ஓரத்துக்கு வரும். வாய் மூடியிருக்கும், வால் திறந்திருக்கும்.

இன்னொரு வழக்கமும் இவர் வைத்திருந்தார். யாரும் கேட்டு வைத்ததல்ல, அவராக வைத்தது. வேலை முடிந்ததும் குறிக்கம்பியைப் பேனாவிலிருந்து கழற்றி, ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு, உரிமைக்காரர் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் மூக்குத்தித் திருகாணியிலிருந்து பல்வலி மாத்திரை வரை எல்லாம் தீப்பெட்டியில்தான் இருக்கும். மொதலாளிமார் அதைக் கல்லாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை கட்டை வரும்போது குறிக்கம்பியும் கூட வரும். ஒருத்தர் குறி எங்கள் கடையில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத மொதலாளிகள்கூட எங்கள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எழுபத்தெட்டாம் வருசம் ஐப்பசி மழை. கரிசலில் மழை பெய்தால் தெரியுமே, காலை வைத்தால் செருப்பை மண் வாங்கிக்கொள்ளும், வண்டிச் சக்கரம் உருளாது, பஸ் ஊருக்குள் போகாது. மழை விட்ட பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். இவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. மறுநாளும் இருந்தது. துவைக்கப் போடுகிற சட்டையிலிருந்து எடுத்து மாற்றுச் சட்டையில் வைத்துக்கொள்கிறார். பீடி, சிகரெட் வாசனையே ஆகாத மனிதருக்குச் சட்டைப்பையில் தீப்பெட்டி எதற்கு? நாற்பது வயசுக்கு மேல் பீடி பழகிக்கொண்டாரா என்று ஏசினேன். ஏசினால் பதில் வரும் என்று நினைக்கிறவள் இன்னொரு கல்யாணம்தான் பண்ணிக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் பரமசிவன் அண்ணாச்சி தானே கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு, யாரையும் சட்டென்று கடிந்து சொல்லாத மனிதர். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு கட்டை. பேப்பரைப் பிரித்து மேசையில் வைத்தார். எந்த வீட்டிலிருந்து வந்ததென்று தெரியாமல், திரும்பி வந்த கட்டைகளுக்கு நடுவே கிடந்ததாம். அதிலும் மீன் இருந்தது. வால் மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. அவர் கல்லாவில் பூட்டியிருக்கும் குறிக்கம்பி போட்ட மீன் அதில்லை என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த எனக்கே தெரிந்தது.

"இது உம்ம கைதானா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

இவர் கட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என் கைதான் அண்ணாச்சி."

"யாருக்குச் செஞ்சீரு?"

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போயிற்று. கடைசியில் அவர் எழுந்து கட்டையைத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒரு கட்டை எனக்குப் பெருசில்ல. ஒண்ணு வளைச்சவரு நூறு வளைப்பாருன்னு நாளைக்கு ஊரு சொல்லும். பேரச் சொல்லும், இத்தோட விட்டுருதேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். அண்ணாச்சி படியிறங்கிப் போய்விட்டார்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊர் கேட்கத்தானே செய்யும்? அண்ணாச்சி யாரிடமும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் ஆபீஸ் கணக்கப்பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறதே. மார்கழியில் ஒரு கட்டைகூட எங்கள் கடைக்கு வரவில்லை. மொதலாளிமார் கொல்லரிடம் போய் இரும்பில் அச்சடித்துப் பழுக்கக் காய்ச்சிச் சூடு போட்டுக்கொண்டார்கள். அது கட்டையைப் பாதி கரித்தது. கரித்தாலும் பரவாயில்லை என்று விட்டார்கள். ரேடியோ கொண்டு வருகிறவர்கள்கூட உள்ளே இருக்கிற சாமான் மாறிப்போகுமோ என்று ரிப்பேர் முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை இல்லாமல் இருந்துவிடலாம், கள்ளன் வீடு என்று பார்க்கிற பார்வைக்கு நடுவில் எப்படிக் கோலம் போடுவது?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். செய்வன திருந்தச் செய் என்று ஒண்ணாங்கிளாஸில் படிக்கவில்லையா, தப்பைச் செய்தாலும் திருந்தச் செய்ய வேண்டாமா, வாலில் விடுகிற இடைவெளியை வாலிலேயே விட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி வந்திருக்குமா என்று கத்தினேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"அண்ணாச்சி மீனு அண்ணாச்சிது. அத அவிய இல்லாம நான் எப்படி வளைக்க? நான் வளைச்சது வேற மீனு."

கையிலிருந்த கரண்டியை எறிந்தேன். சுவரில் பட்டு விழுந்தது. எடுத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கல்லுளிமங்கனுக்கு வாக்கப்பட்டால் இப்படித்தான்.

இதற்கு நடுவில் பக்கத்து சைக்கிள் கடை மாடக்கண்ணு ஒரு திரியைக் கொளுத்திப் போட்டான். மழை வெறித்த அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கினாளாம். நான் என் தம்பி வீட்டு விசேசத்துக்கு ஓட்டப்பிடாரம் போயிருந்த நாள் அது. எங்கள் கடையில் உட்கார்ந்து அழுதாளாம். சாயங்காலம் பேப்பரில் சுற்றிய ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாளாம். "அண்ணனுக்கு அங்கன யாரும் உண்டுமா மதினி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றைக்கே கேட்டேன், எவள் அவள் என்று. இவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதன்பிறகு குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்தினேன். என்றைக்காவது ஒருநாள் வாயைத் திறந்து உப்பில்லை என்று சொல்லத்தானே வேண்டும், அங்கே பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மனிதர் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை, தனியாக உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மாசியில் ஒரு மத்தியானம், இவர் ஒரு மோட்டாரைப் பார்க்க வெளியே போயிருந்த நேரம், ஒரு பெண்பிள்ளை வந்து கடைவாசலில் நின்றாள். மடியில் தட்டாம்பயறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஹீட்டர்க் கடை அண்ணாச்சி இல்லையா என்று கேட்டாள். கழுகுமலை பஸ்ஸா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றாள். நான் மனதில் அடுக்கி வைத்திருந்த வசவையெல்லாம் எடுக்கப் பார்த்தேன். ஆனால் அவளைப் பார்த்தால் என்னைவிட மூத்தவளாகத் தெரிந்தாள். விரல் நுனியெல்லாம் குச்சி அடுக்கி அடுக்கி மழுங்கிப்போயிருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. உட்கார் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

பெயர் பெத்தம்மாள். பரமசிவன் அண்ணாச்சி ஆபீசுக்குக் கட்டை அடுக்குகிறவள். அவளும் அடுக்குவாள், மகளும் அடுக்குவாள். ஐப்பசி மழையில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பஸ் இல்லை, வண்டி நகராது. ஊர் மருத்துவச்சி வந்து வெந்நீர் போடச் சொன்னாள். விறகுக்கு வைத்திருந்த பருத்திமார் அத்தனையும் நனைந்து புகைந்ததே தவிரப் பற்றவில்லை. சீமையெண்ணெயும் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் காய்ந்த மரம் என்று இருந்தது கட்டு கட்டாக வைத்திருந்த கட்டைகள்தான்.

"அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் தோணலக்கா. ஒண்ண ஒடிச்சு அடுப்புல வச்சேன். மெழுகு குடிச்ச மரம் பாத்துக்கிடுங்க, திகுதிகுன்னு எரிஞ்சுது. தண்ணி கொதிச்சுது, பிள்ளையும் பிறந்துது."

பிள்ளை பிறந்த பிறகுதான் கட்டையின் நினைவு வந்திருக்கிறது. கட்டை ஒன்று குறைந்தால் அந்த வீட்டுக்கு மறுபடி கட்டை கொடுக்கமாட்டார்கள். எரித்தேன் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள், அடுத்த ஆபீசுக்குக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். மழை வெறித்ததும் பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறாள், மீன் போடுகிறவர் இங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். இவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று. அப்புறம் பெட்டிப்பலகையை அறுத்துச் சாயங்காலத்துக்குள் ஒரு புதுக் கட்டை செய்து, மீனும் சுட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

எங்கள் கடைக்கு வந்த கதியைச் சந்தையில் யாரோ பேசிக்கொண்டதை இப்போதுதான் கேட்டாளாம். "நான் போயி மொதலாளிகிட்டச் சொல்லிருதேன்க்கா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்க கூட வாங்க" என்றாள்.

எத்தனை நாள் அந்தப் பெயருக்காகக் கத்தியிருக்கிறேன். கரண்டி எறிந்தேன், உப்பை நிறுத்தினேன். இப்போது பெயரே நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து, வா போகலாம் என்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்காரர் பேர் வெளுத்துவிடும். அவளுக்கும் அவள் மகளுக்கும் கட்டை நின்றுபோகும். என் புருசனை நினைத்தால் எழுந்து போக வேண்டும்போல இருந்தது. அந்த விரல்களைப் பார்த்தால் முடியவில்லை.

"பேசாம பஸ் ஏறு. எவ கேட்டாலும் இந்தக் கடைப்பக்கமே நீ வந்ததில்ல" என்றேன்.

பயறை மட்டும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அதைத்தான் குழம்பு வைத்தேன், உப்பும் போட்டேன். இவர் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினார்.

அவருக்குத்தான் பேச வராது, எனக்குமா வராது? மறுநாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் தனியாகப் பரமசிவன் அண்ணாச்சி ஆபீசுக்குப் போனேன். கணக்கப்பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். ஊரைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. மழை, ஈர விறகு, பிரசவம், ஒரு கட்டை. களவு போகவில்லை, எரிந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் செய்து கொடுத்தது அதற்கு ஈடு. அவ்வளவுதான். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பேரு?" என்றார்.

"அத மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஜாடிக்கு ஏத்த மூடிதான்" என்றார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் தவறிப்போய் எதையாவது உளறிவிட்டேனா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டிலும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள் என்றால் ஊர் சிரிக்கும், ஆனால் அந்தச் சில நாள் அப்படித்தான் இருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தார். அவர் ஆபீஸ் வண்டி வாசலில் நின்றது, வண்டி நிறையப் புதுக் கட்டைகள். மாடக்கண்ணு சைக்கிளைப் போட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தான். அண்ணாச்சி கையில் பழையபடி பேப்பரில் சுற்றிய கட்டை. மேசையில் வைத்துப் பிரித்தார். வாயைத் திறந்துகொண்டு அதே மீன்.

"பழசெல்லாம் பழைய மீனோட கிடக்கட்டும். இனிமே எங்க ஆபீசுக்கு இந்த மீனுதான், இதான் முதக் கட்டை. இதே மாதிரி ஒண்ணு வளைச்சு, வண்டியில இருக்கதுக்கெல்லாம் போட்டுத் தாரும்" என்றார்.

தெருவில் நிற்கிறவர்கள் கேட்கும்படிதான் சொன்னார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

இவர் குறட்டை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்தார். மூலை மடங்கி, லேபிள் வெளுத்து, வேர்வையில் ஊறிப்போன பெட்டி. தள்ளித் திறந்தார். உள்ளே கொஞ்சம் பருத்தி, பருத்தியில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு கம்பி மீன், வாய் திறந்தபடி. இரண்டு கையாலும் அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"வளைக்க வேண்டாம் அண்ணாச்சி. இது உங்க பொருளு. குடுக்க வழி தெரியாம நானே வச்சிருந்தேன்."

அண்ணாச்சி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, அந்த வழக்கம் அவருக்கும் தெரியுமாகையால், வேலை முடியும்வரை இரவல் என்று சொல்லித் திரும்ப இவர் கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். காப்பிக்குத் தண்ணீர் வைக்கத்தான் போனேன். பீடி என்று அந்த மனிதரை ஏசிய ஏச்செல்லாம் நினைவுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் அழுதேன்.